குழாயில் கலந்த உப்பு

முத்தையாபுரத்தில் எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் இரண்டு தண்ணீர் உண்டு. ஒன்று அவரவர் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுப் போர் தண்ணீர். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ அதுதான். அதில் சோப்பு நுரைக்காது. திரிந்த பால்போல மேலே மிதக்கும். வாளியின் உள்பக்கம் வெள்ளை படியும், தலைக்குக் குளித்தால் முடி சணலாகும். இன்னொன்று மாநகராட்சிக் குழாயில் வரும் நல்லதண்ணீர். நாலு நாளைக்கு ஒருமுறை, சில சமயம் ஐந்து நாளைக்கு ஒருமுறை, காலை ஆறு மணிவாக்கில் திறந்துவிடுவார்கள். அது நிற்பதற்குள் குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் நாசரேத் பக்கத்துக்காரி. துறைமுகத்தில் வேலை பார்ப்பவரைக் கல்யாணம் செய்துகொண்டு இந்த ஊருக்கு வந்தேன். உப்பளக் காற்றும் லாரிச் சத்தமும் ஒரு மாதத்தில் பழகிவிட்டன. தண்ணீர் பழகத்தான் வருடக்கணக்கானது. பள்ளிக்கூடத்தில் நான் வேதியியல் நடத்துகிறேன். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கடினநீர் பாடம் எடுக்கும்போது எங்கள் வீட்டு வாளியைத்தான் உதாரணம் சொல்வேன். கால்சியம், மெக்னீசியம் என்று பலகையில் எழுதிவிட்டு, "உங்க வீட்டுக் குளியலறைச் சுவரைப் பாருங்க, அங்கன ஒட்டியிருக்கும்" என்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்பு, ஒரு சித்திரை மாதத்தில், நல்லதண்ணீரும் கெட்டது.

முதலில் கண்டுபிடித்தவர் எதிர்வீட்டு அக்கா. தண்ணீர் வந்த மறுநாள் காலையில் ஒரு டம்ளரோடு எங்கள் கேட்டைத் தட்டினார்.

"டீச்சர், இதக் கொஞ்சம் வாயில ஊத்திப் பாருங்க. காப்பிக்கு வச்ச பாலு திரிஞ்சி போச்சு. பருப்பு ஒரு மணி நேரமா கெடந்து வேவ மாட்டேங்கு."

குடித்துப் பார்த்தேன். கடல் உப்பு இல்லை. நாக்கின் ஓரத்தில் சுருக்கென்று ஒரு கரிப்பு. எங்கள் வீட்டில் பிடித்துவைத்த தண்ணீரையும் குடித்துப் பார்த்தேன். அதிலும் அதே ருசி. அடுத்த முறையும் அப்படியே வந்தது. முதல் அரைமணி நேரத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து, நல்லது வரத் தொடங்கும்போது குழாய் நின்றுவிட்டது. ஆளாளுக்கு கேன் தண்ணீர் வாங்க ஆரம்பித்தோம்.

தெருவின் நடுவில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சிதான் காரணத்தையும் சொன்னார். "மூலை வீட்டுல புதுசா போர் போட்டாவல்லா, அதுல இருந்துதான் இந்தக் கூத்து. போர் மோட்டார கொழாயோட சேத்துக் குடுத்திருப்பாவ. உப்பு திரும்பி தெரு மெயின் கொழாய்க்குப் போவுது."

மூலை வீடு எங்களுக்கு அடுத்த வீடு. அங்கே இருந்த பெண் மணப்பாட்டுப் பக்கம், கடற்கரைக் குடும்பம். கணவர் கப்பலில் வேலை; ஒன்பது மாதம் போனால் மூன்று மாதம் வீட்டில் இருப்பார். அவள் சின்ன மகளோடு தனியாக இருந்தாள். வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. என்னைவிட எட்டுப் பத்து வயது இளையவள். கிறிஸ்துமஸுக்கு இரண்டு வீட்டுப் பலகாரமும் மாறும். அவ்வளவுதான் பழக்கம். அவள் போர் போட்டது உண்மை. பங்குனியில் இரண்டு நாள் தெருவெல்லாம் சேறாகக் கிடந்தது.

எதிர்வீட்டு அக்கா என்னிடம், "நீங்க லேப்புல பாத்து ஒரு முடிவு சொல்லுங்க டீச்சர். நாம வாயால சொன்னா ஆபீஸுல கேப்பாவளா?" என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. வகுப்பில் இருபது வருடமாக நடத்திவந்த ஒன்றைத் தெருவே கேட்டு நின்றது. எங்கள் வீடு உட்பட எட்டு வீட்டுக்கு எட்டுச் சீசா கொடுத்து, தண்ணீர் வந்ததும் முதல் தண்ணீரைப் பிடித்துத் தரச்சொன்னேன். மூலை வீட்டிலும் கேட்டேன். அவள் ஒன்றும் கேட்காமல் நிரப்பிக் கொடுத்தாள். "என் மவளுக்கு வயிறு சரியில்ல டீச்சர், இதுனாலதானோ என்னமோ" என்றாள்.

பள்ளிக்கூடம் விட்டபிறகு ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்து சோதித்தேன். எளிய சோதனைதான். தண்ணீரில் ஒரு துளி நிறங்காட்டி விட்டால் ஒயின் சிவப்பாக மாறும். மேலே கண்ணாடிக் குழாயிலிருந்து கரைசலைச் சொட்டுச்சொட்டாக விடவேண்டும். கடினம் முழுவதும் கட்டுப்பட்ட நொடியில் சிவப்பு நீலமாகும். எவ்வளவு கரைசல் செலவானதோ அவ்வளவு கடினம். தெருவின் மறுகோடி வீட்டுச் சீசாவுக்குக் கொஞ்சம் செலவானது. அண்ணாச்சி வீட்டுக்கு அதைவிடக் கூட. மூலை வீட்டுக்கு அதையும் விட. எல்லாவற்றையும்விட அதிகம் எங்கள் வீட்டுச் சீசாவுக்குத்தான் ஆனது. மூலை வீட்டைக்காட்டிலும் சில சொட்டுகள் கூடுதல்.

ஒரு தாளில் தெருவை வரைந்து ஒவ்வொரு வீட்டுக்கு நேரேயும் அளவை எழுதினேன். மூலைப்பக்கம் போகப்போக எண் ஏறியது. அண்ணாச்சி சொன்னது சரிதான் என்று பட்டது. எங்கள் வீட்டு எண்ணைப் பார்த்து, 'பக்கத்து வீடு என்பதால் நமக்குத்தான் அதிகப் பாதிப்பு' என்று நினைத்துக்கொண்டேன். முடிவைத் தீர்மானித்துவிட்டு அளவெடுக்கக் கூடாது என்று ஒவ்வொரு ஜூன் மாதமும் பிள்ளைகளுக்குச் சொல்கிறவள் நான். அன்றைக்கு அது எனக்கு நினைவில் வரவில்லை.

மனு எழுதினேன். இரண்டு பக்கம். அளவுகளோடு, வரைபடத்தோடு. கடைசியில், 'மூலை வீட்டில் புதிதாகப் போடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றின் இணைப்பை ஆய்வு செய்ய வேண்டுகிறோம்' என்று ஒரு வரி. தெருவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அவளிடம் மட்டும் யாரும் கொண்டுபோகவில்லை.

மனு கொடுத்து ஆள் வருவதற்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் தெரு அவளை ஒதுக்கியது. சண்டை போட்டு ஒதுக்கவில்லை. தண்ணீர் பிடிக்கும்போது பக்கத்தில் நின்று பேசுகிறவர்கள் பேச்சைக் குறைத்தார்கள். அண்ணாச்சி கடையில் சாமான் வாங்கும்போது அவள் வந்தால் பேச்சு நின்றுவிடும். ஒருநாள் தண்ணீர் வந்தபோது எல்லா வீட்டிலும் குழாய் ஓடியது, அவள் வீட்டில் ஓடவில்லை. அவள் வீட்டுக்கு வெளியே தரைமட்டத்தில் இருக்கும் வால்வை யாரோ அந்த ஒரு நாளுக்கு மட்டும் மூடியிருந்தார்கள். அவளுக்கு அது தெரியாது. வெறும் குடத்தோடு வாசலில் நின்று, "டீச்சர், ஒங்க வீட்டுல வருதா?" என்று கேட்டாள்.

"வருது" என்றேன். யார் மூடியது என்று எனக்குத் தெரியும்; அந்தப் பெயர் இங்கே வேண்டாம். முதல்நாள் சாயங்காலம் மாடியிலிருந்து பார்த்தேன். வால்வைத் திறந்துவிடு என்று அவளிடம் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. சொல்லவில்லை. இரண்டு குடம் எங்கள் வீட்டிலிருந்து எடுத்துக்கொள் என்று மட்டும் சொன்னேன். அவள் எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அந்த நன்றியை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

மாநகராட்சியிலிருந்து வந்தவர் குழாய் வேலை பார்க்கும் ஒரு பெரியவர். மொபெட்டின் முன்னால் துணிப்பையில் ஸ்பேனர்கள். மனு எழுதியவள் என்பதால் நான் அவரோடு நின்றேன். அன்றைக்குத் தண்ணீர் விடுகிற நாள் இல்லை. அதனால்தான் வந்தேன் என்றார். நேராகத் தெருக்கோடிப் பொதுக்குழாய்க்குப் போய்த் திறந்தார். மெலிதாக நூல்போல ஒழுகியது. உள்ளங்கையில் பிடித்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இன்னைக்கு இங்கன சொட்டுத் தண்ணி வரக்கூடாது. மெயினையே அடைச்சாச்சு. அப்ப இது எங்கேருந்து வருது? ஏதோ ஒரு வீட்டு மாடித் தொட்டி எறங்கிக்கிட்டு இருக்கு."

"எப்படிக் கண்டுபிடிப்பீங்க ஐயா?" என்று கேட்டேன்.

"ஒவ்வொரு வீட்டு வால்வா அடைச்சுக்கிட்டே வரணும். எந்த வீட்ட அடைச்சதும் இந்த ஒழுக்கு நிக்குதோ, அதுதான்."

மனுவைப் பிரித்துப் பார்த்துவிட்டு மூலை வீட்டுக்குப் போனார். அவள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கையில் மாவு ஒட்டியிருந்தது.

"என்ன டீச்சர், எங்க வீட்டயா பாக்கச் சொன்னிய?"

"எல்லா வீட்டையும்தான் பாக்காவ" என்றேன்.

அவர் கையில் மடித்த மனு இருந்தது. அவள் பார்வை அதன்மேல் போய் வந்தது. பிறகு கேட்டை அகலத் திறந்துவிட்டாள். அவர் உள்ளே போய்ப் போர் குழாயைப் பார்த்தார், மாடிக்கு ஏறிப் பார்த்தார். "ரெண்டும் தனித்தனியாத்தான் இருக்கு" என்றபடி இறங்கி வந்தார். இருந்தாலும் வால்வை அடைத்துவிட்டுத் தெருக்கோடிக்குப் போய்ப் பார்த்தோம். ஒழுக்கு அப்படியே இருந்தது.

அடுத்தது எங்கள் வீடு. வரிசைப்படி போகிறார் என்றுதான் நினைத்தேன். அடைத்தார். தெருக்கோடிக்கு நடந்தோம். நூலாக ஒழுகியது சொட்டாகியிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்க, சொட்டும் நின்றது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. குழாயையே பார்த்துக்கொண்டு, "வாங்க டீச்சர், ஒங்க மோட்டாரப் பாப்போம்" என்றார்.

வீட்டுக்குப் பின்னால் மோட்டார் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். ஆறு மாதத்துக்கு முன்பு மோட்டாரை இடம் மாற்றியபோது, எங்கள் பிளம்பர் போர் தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் ஒரே குழாயில் மாடிக்கு ஏற்றும்படி ஒரு இணைப்புப் போட்டிருந்தார். நடுவில் ஒரு வால்வு. நல்லதண்ணீர் ஏற்றாத நேரத்தில் அதை மூடிவைக்க வேண்டும். மூடித்தான் வைத்திருந்தோம். பிளம்பர் விளக்கியபோது நானும் என் கணவரும் பக்கத்தில் நின்று தலையாட்டியிருக்கிறோம்.

அவர் வால்வைக் கழற்றி என் கையில் கொடுத்தார். உள்ளே முட்டை ஓடுபோல வெள்ளையாகக் கட்டியிருந்தது.

"கைப்பிடி மூடியிருக்கு டீச்சர். உள்ள அடைக்கல. உப்பு படிஞ்சி நடுவுல சந்து விட்டுருக்கு. மாடித் தொட்டித் தண்ணி அது வழியா எறங்கி மெயினுக்குப் போயிருக்கு. போர் தண்ணிக்கு இந்த ஊருல எல்லாம் இப்பிடித்தான், ஆறு மாசத்துல கட்டிரும்."

தொட்டித் தண்ணீர் சீக்கிரம் தீருகிறது என்று என் கணவர் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அப்போதுதான் உறைத்தது. எட்டுச் சீசாவில் எங்கள் சீசா ஏன் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது என்பதும் உறைத்தது. சோதனை சரியான பதிலைத்தான் சொல்லியிருந்தது. நான்தான் என் வீட்டைக் கணக்கில் சேர்க்காமல் படித்திருந்தேன்.

அவர் இணைப்பைத் துண்டித்து, இரண்டு வாயையும் மூடியிட்டு அடைத்தார். கை கழுவிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "நீங்க படிச்சவிய. வேணும்னா செஞ்சிய? தெருவுல யாருக்கும் தெரிய வேண்டாம். கேட்டா மெயின்ல ஒரு பழுது, சரி பண்ணியாச்சுன்னு சொல்லிட்டுப் போயிருதேன்."

'சரி' என்று வாயால் சொல்லவில்லைதான். ஆனால் 'வேண்டாம்' என்றும் சொல்லவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, வெளியே அண்ணாச்சி கடையில் மெயின் பழுது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னேன். "சரியாப் போச்சுல்லா, பெறவு என்ன? விடு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பிள்ளைகிட்ட மட்டும் எப்பவாவது பேசு" என்றார்.

மூன்று நாள் கழித்துத் தண்ணீர் வந்தது. முதல் வாளியே நல்லதாக வந்தது. எதிர்வீட்டு அக்கா ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துவிட்டு, தெருவே கேட்கும்படி, "டீச்சர் மனு எழுதுன நேரம், தண்ணி தேனா இருக்கு" என்றார். இரண்டு மூன்று பேர் என்னைப் பார்த்துக் கும்பிடாத குறையாகச் சிரித்தார்கள். அண்ணாச்சி தன் வாசலில் குடத்தை மாற்றி வைத்தபடி, மூலை வீட்டைப் பார்த்துத் தலையை அசைத்தார். "அன்னைக்கு வந்தவரு அங்கன உள்ள போயி அடச்சிட்டாருல்லா. மெயின் பழுதுன்னு மரியாதைக்குச் சொல்லுதாரு."

அவளுக்கும் அது கேட்டது. குனிந்து குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குடம் நிறைந்து வழிந்தபிறகும் அவள் எடுக்கவில்லை.

"எங்க வீட்டுப் பைப்புதான்" என்றேன்.

எல்லாக் குழாயும் ஒரே நேரத்தில் ஓடுகிற சத்தம். யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாவது தடவை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. அது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. "உப்பு வந்தது எங்க வீட்டுல இருந்துதான். அவங்க வீட்டுல ஒரு தப்பும் இல்ல. எங்க வால்வு அடைக்காம கெடந்திருக்கு. அன்னைக்கே எனக்குத் தெரியும். சொல்லாம இருந்துட்டேன்."

எதிர்வீட்டு அக்கா, "ஐயோ டீச்சர்" என்றார், என்ன அர்த்தத்தில் என்று தெரியவில்லை. அண்ணாச்சி குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மூலை வீட்டுக்காரி நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிற்க வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். மன்னிப்புக் கேட்டேன். மனுவில் நான் எழுதிய வரியைச் சொன்னேன். வால்வை மூடியதைப் பார்த்தும் சும்மா இருந்ததையும் சொன்னேன். அது அவளுக்குப் புதுச் செய்தி. முகம் மாறியது.

"யாரு மூடுனது?"

சொன்னேன்.

எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, "எங்க வீட்டுக்காரரு கப்பல்ல இருந்து கூப்பிடும்போதெல்லாம் தண்ணி நல்லா வருதான்னு கேப்பாரு. வருதுன்னுதான் சொன்னேன். குசினில கேன் தண்ணிய வச்சி சமைச்சுக்கிட்டுதான் சொன்னேன். அங்கன கடல்ல இருக்குறவருகிட்ட இதையா சொல்லுறது?" என்றாள். என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நீங்க என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் டீச்சர். பாட்டில மட்டும் கேட்டு வாங்கிட்டுப் போனிய."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

அந்த வருட கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டிலிருந்து பலகாரம் வரவில்லை. நான் கொடுத்ததை மகள் வந்து வாங்கிக்கொண்டு போனாள். தெருவில் மற்றவர்கள் அவளிடம் பழையபடி பேச ஆரம்பித்தார்கள். என்னிடம்தான் கொஞ்சம் யோசித்துப் பேசினார்கள். தண்ணீரைச் சோதித்துத் தரச்சொல்லி அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. அது நியாயம் என்றுதான் பட்டது. நான் மட்டும் மாதம் ஒருமுறை எங்கள் குழாய்த் தண்ணீரை எடுத்துக்கொண்டுபோய்ப் பார்த்துவிடுவேன். பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் எடுக்கும்போது இந்தக் கதையையும் சொல்கிறேன், தெருவின் பெயரை விட்டுவிட்டு. அளவு சரியாக இருந்தும் முடிவு தப்பாகப் போவது எப்படி என்று கேட்பேன். ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை, "ஒங்க பாட்டிலுக்குத்தான மிஸ் கூட வந்துச்சு, அத ஏன் விட்டிய?" என்று உடனே கேட்டுவிடும்.

போன வருடம் எங்கள் தெருவுக்குப் புதுக்குழாய் பதித்தார்கள். இணைப்புக் கொடுக்கும் முன் ஒவ்வொரு வீட்டு உள்குழாயையும் பார்க்க வேண்டும் என்று ஒரு இளம் பொறியாளர் வந்தார். தெருவே வெளியில் நின்றது. எந்த வீட்டிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று அவர் கேட்டார்.

மூலை வீட்டுக்காரி கையைக் கட்டிக்கொண்டு, "சார், டீச்சர் வீட்ட மொதல்ல பாருங்க. நல்லா உள்ள போயிப் பாருங்க. ரொம்பப் படிச்ச வீடு, நம்பிராதிய" என்றாள்.

ஒரு நொடி யாருக்கும் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. அவளே முதலில் சிரித்தாள். பிறகு எதிர்வீட்டு அக்கா, அண்ணாச்சி, எல்லோரும். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, அவள் தெருவில் வைத்து என்னைப் பேச்சில் சேர்த்து இரண்டு வருடம் ஆகிறது என்று எண்ணிப் பார்த்தேன்.

பொறியாளர் என்னைப் பார்த்து, "ஏதும் பிரச்சனையா மேடம்?" என்றார்.

"ஒண்ணுமில்ல. அவ சொல்லுதது சரிதான், மொதல்ல எங்க வீட்டப் பாத்துருங்க" என்று கேட்டைத் திறந்துவிட்டேன்.